உஷாராணி கேட்ட தேத்தண்ணி

சிவநேசன் முப்பத்தோரு வருடம் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர். ஆசிரியர் அல்லர் என்றாலும் பிள்ளைகள் அவரை ‘லேப் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அமிலப் புட்டிகளுக்குத் தேதி எழுதிச் சீட்டு ஒட்டுவது, சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, அளவுக் குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து ஒரு சொட்டு கூடியிருந்தாலும் திரும்ப ஊற்றுவது என்றே அவர் காலம் போயிற்று. வீட்டிலும் அதே கை. மீன்தொட்டிக்குத் தீனி போடக்கூட ஒரு சின்னக் கரண்டியைத் தனியாக வைத்திருந்தார்.

அவர் மனைவி உஷாராணி பண்டமாரானில் பாலர் பள்ளி ஆசிரியை. உப்பைக் கையால் அள்ளிப் போடுகிறவள். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை தேநீர் குடிப்பாள்; ஒரு தடவை இருந்த நிறம் மறு தடவை இருக்காது. என்றைக்காவது சிவநேசன் போட்டுத் தந்தால் மட்டும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

“லேப் சார், இது தேத்தண்ணி. ரெண்டு சொட்டு கூடினா ஒண்ணும் வெடிச்சிடாது லா,” என்பாள்.

“சீனி வியாதிய வெச்சுக்கிட்டு பேச்சப் பாரு,” என்று அவர் கரண்டியைத் தட்டி மட்டம் செய்வார்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள்; இடக்கையால் பிடுங்கி எறிந்தாள். திரும்பப் போட்டார்கள். திரும்பப் பிடுங்கினாள். பேச்சு இரண்டு மாதத்தில் கொழகொழவென்று திரும்பி வந்தது. தொண்டைதான் திரும்பவில்லை.

விழுங்கும் பயிற்சி தருகிற மலாய்ப் பெண், சின்ன வயசு, சிவநேசனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். “ஆயேர் கோசோங் தா போலே, அங்கிள்.” வெறும் தண்ணீர் கூடவே கூடாது. தண்ணீர் வேகமாக ஓடுகிறது, தொண்டை மெதுவாக மூடுகிறது, அது நுரையீரலுக்குள் போய்விடும். எதைக் கொடுத்தாலும் அதற்கென்று இருக்கிற மாவைக் கலந்து கெட்டிக் கூழ் மாதிரி ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒரு முள்கரண்டியை அதில் முக்கித் தூக்கிக் காட்டினாள். பல்லிடுக்கில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ஆகாது. தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

சிவநேசனுக்கு அந்த முள்கரண்டியைப் பார்த்ததும் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு வந்தது. இது தனக்குத் தெரிந்த வேலை என்று அவருக்குப் பட்டது.

கிள்ளான் வீட்டுக் குசினி ஆய்வுக்கூடம் ஆயிற்று. அளவுக் குவளை, முள்கரண்டி, மணி பார்க்கும் கருவி, ஐஸ்பெட்டிக் கதவில் நேர அட்டவணை. இருநூறு மில்லிக்கு மூன்று கரண்டி மாவு. தண்ணீர் சீக்கிரம் கெட்டியாகும். பால் கலந்ததற்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் தேநீர் ஆறிப்போகும்.

“என்னாதுங்க இது?” முதல் வாய் வாங்கியதும் உஷாராணி கேட்டாள்.

“தேத்தண்ணி.”

“எலக்‌ஷன் போஸ்டர் ஒட்டுற பசைங்க இது. என்னை எந்தச் சுவத்துல ஒட்டப் போறீங்க?”

அவர் சிரித்துவிட்டார். அவளும் பாதி வாயால் சிரித்தாள். ஆனால் அந்த ஒரு வாயோடு சரி. அதற்குப் பிறகு சூப்பு, கஞ்சி, பழக்கூழ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தேநீரை மட்டும் அப்படிக் குடிக்க மாட்டேன் என்றாள்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் அவர் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். பந்திங்கிலிருந்து உஷாராணியின் அக்காள் லெட்சுமி வந்திருந்தாள். வெயில் நேரம். தங்கச்சி நாக்கு வறண்டு கிடக்கிறாளே என்று கொண்டுவந்த இளநீரை நாலு கரண்டி கொடுத்துவிட்டாள். இருமல் ராத்திரி வரை நிற்கவில்லை. மறுநாள் காய்ச்சல். உஷாராணி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவியோடு கிடந்துதான் மீண்டாள்.

வார்டு வராந்தாவில் சிவநேசன் லெட்சுமியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அவரே எதிர்பார்க்காதது. “உங்க கையால எமன் வந்தான்க்கா. இனிமே அவ வாய்க்கிட்ட கைய கொண்டு வராதீங்க.”

அறுபத்தெட்டு வயசு லெட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நாலு மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தபோதும் கட்டில் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பின் சிவநேசன் யாரையும் நம்பவில்லை. ஜொகூரிலிருந்து மாதம் ஒரு தடவை வரும் மகன் பிரவின் கொடுத்தால்கூடப் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஊட்டும்போது முதுகை எத்தனை நிமிர்த்த வேண்டும், தாடையை எப்படித் தாழ்த்த வேண்டும், ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவே எத்தனை எண்ண வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை, நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடுவார்கள். பக்கத்து வீட்டு மலர்விழியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, சிவநேசன் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் போய் வருவார். வேறு எங்கும் அவர் போனதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முள்கரண்டி வித்தையை அவரையே செய்து காட்டச் சொல்வார்கள். “அங்கிள் ஒரு ஆளே ஒரு ஆஸ்பத்திரி,” என்று ஓர் அம்மாள் சொன்னபோது அவருக்குக் காது சிவந்தது. வீட்டுக்கு வந்து உஷாராணியிடம் அதைச் சொன்னார்.

“அந்த ஆஸ்பத்திரியில தேத்தண்ணி கெடைக்குமான்னு கேட்டீங்களா?” என்றாள்.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், “இந்த மாசம் நீங்க எப்படி இருந்தீங்க?” என்று சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்பார்கள். சிலர் அழுவார்கள். சிவநேசன் முறை வரும்போது நோட்டைத் திறந்து, “எடை முந்நூறு கிராம் ஏறியிருக்கு,” என்பார். கேட்டது அவளைப் பற்றி இல்லை என்று யாரும் திருத்தவில்லை.

பதின்மூன்றாவது மாதம் சிறுநீரகம் கைவிட்டது. இரத்தம் சுத்தம் செய்ய இருதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தியை ஏற்பாடு செய்து தந்தார்கள். பெயர் ராஜினி. சின்னக் காரில் வருவாள், காலணியை வாசலில் நேராக அடுக்கி வைப்பாள். அந்த ஒன்றுக்காகவே சிவநேசனுக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஒரு திங்கட்கிழமை உஷாராணியைப் பார்த்துவிட்டு ராஜினி குசினிக்கு வந்தாள். ஐஸ்பெட்டிக் கதவில் இருந்த அட்டவணையை மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

“அங்கிள், இதெல்லாம் நீங்களா?”

“ஆமா மிஸ்ஸி. ஏதாவது மாத்தணுமா?”

“ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டீங்க.” அட்டவணையை விட்டுத் திரும்பினாள். “இனிமே இவ்வளவு கஷ்டப்பட வேணாம். ஆன்டிக்கு என்ன ஆசையோ, அதக் கொடுங்க. கொஞ்சமா, மெதுவா, நிமிர்த்தி வெச்சு.”

“சரி. அதுக்கு எத்தனை கரண்டி போடணும்?”

“மாவு வேணாம் அங்கிள்.”

“பொறை ஏறுமே?”

“ஏறலாம். நெஞ்சுக்குள்ள போகவும் போகலாம். நான் போக மாட்டேன்னு சொல்லல. ஆனா இப்ப நாம அத நெனச்சு அவங்கள பட்டினி போடக்கூடாது. இருக்கிற நாள் அவங்களுக்கு நல்லா இருக்கட்டும். உங்க மகன்கிட்ட, ஆன்டியோட அக்காகிட்ட எல்லாம் பேசிடுங்க. நான் பேசணும்னாலும் பேசறேன்.”

“நானே சொல்லிக்கிறேன் மிஸ்ஸி,” என்றார்.

சொல்லவில்லை. பிரவின் அன்று போன் செய்தபோது எடையைச் சொன்னார், சிறுநீர் அளவைச் சொன்னார். லெட்சுமிக்குப் போன் போடவேயில்லை. நீல நோட்டில் அன்றைய தேதியின் கீழ் இரத்த அழுத்தம், சர்க்கரை, மிஸ்ஸி வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதினார். மிஸ்ஸி சொன்னதை எழுத பேனா போகவில்லை. எழுதினால் அது நடந்துவிடும் என்பது போல அந்த இடத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு மூடினார். உஷாராணியிடமும் சொல்லவில்லை. பதினாலு மாதமாகத் தன் கையால் ஒரு சொட்டு தண்ணீரைக்கூட அந்தத் தொண்டைக்குள் விடாமல் அவளை உயிரோடு வைத்திருந்தார். இனி விடலாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

வியாழக்கிழமை மழை. மத்தியானத்துக்குமேல் அவள் தூக்கம் தெளிந்து, வெகுநாளாக இல்லாதபடி முகம் பளிச்சென்று கிடந்தாள். அவர் தலைமாட்டைத் தூக்கி, தலையணையைச் சரி செய்தார்.

“மணி என்ன?”

“நாலு.”

“தே நேரம்,” என்றாள்.

அவர் போர்வையை இழுத்துவிட்டார்.

“ஏங்க. ஒரு தேத்தண்ணி போடுங்களேன். பால் ஊத்தி.”

“போட்டா குடிப்பியா?”

“தண்ணியா போடுங்க. பசை வேணாம்.” பேச்சு இழுத்தது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “அரை கிளாஸ் போதும். சூடா இருக்கணும்.”

“உஷா, அன்னைக்கு நாலு கரண்டி இளநிக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?”

“மறக்கல.” கொஞ்சம் பொறுத்து, “ருசியா இருந்துச்சு,” என்றாள்.

குசினிக்குப் போனார். தூளைக் கொதிக்கவிட்டார், பாலை ஊற்றினார், அவள் பாணியில் கண்ணளவாகவே சீனியைப் போட்டார். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றியதும் ஆவி கிளம்பி மூக்குக்கண்ணாடியை மறைத்தது. கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார். மிஸ்ஸி சொன்னது காதில் இருக்கிறது. வார்டில் பன்னிரண்டு நாள் அவள் நெஞ்சு ஏறி இறங்கியதும் கண்ணில் இருக்கிறது. இதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தால், நான் விட்டுவிட்டேன் என்று என் வாயாலேயே அவளிடம் சொல்வது போல் ஆகாதா? அவளுக்குத் தெரிந்துவிடாதா? கிளாஸ் விரலைச் சுட்டது. கீழே வைத்தார்.

மழை ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது. அவர் மாவு டின்னைத் திறந்தார். நூறு மில்லி. ஒன்றரைக் கரண்டி. கலக்கினார். பத்து நிமிடம் நின்றார். முள்கரண்டியை முக்கித் தூக்கினார். தொங்கிக்கொண்டு நின்றது.

அவள் ஒரு கரண்டி வாங்கினாள். வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு மெதுவாக விழுங்கிவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள்.

“இன்னொரு வாய்?”

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“நாளைக்கு மிஸ்ஸி வருவாங்க. கேட்டுட்டு நாளைக்கு தண்ணியாவே போட்டுத் தரேன். சரியா?”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரிடம் சொல்கிற மாதிரி, “சரிங்க சார்,” என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டுப் பார்த்தார், தோளை அசைத்துப் பார்த்தார். கண் திறக்கவில்லை. ராஜினி வந்து நாடியையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “எல்லாரையும் வரச் சொல்லிடுங்க அங்கிள்,” என்றாள்.

மத்தியானம் பிரவின் வந்து சேர்ந்தான். அம்மா கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டவனிடம், நேற்று தேத்தண்ணி கேட்டாள் என்று மட்டும் சிவநேசன் சொன்னார். லெட்சுமி பந்திங்கிலிருந்து வந்தாள், ஒரு மைலோ புட்டியில் பசும்பால் எடுத்துக்கொண்டு. உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு வாய் பால் விடுவது அவர்கள் வீட்டு வழக்கம். லெட்சுமி பாலைக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டி போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, பழைய பேச்சு நினைவுக்கு வந்தவளாகக் கால்மாட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

“மொதல்ல பிரவினு விடட்டும்,” என்றாள்.

பிரவின் கரண்டியை எடுத்தான்.

“இரு,” என்றார் சிவநேசன்.

குசினிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் மாவு டின்னும் முள்கரண்டியும் இருந்தன. கிண்ணத்துப் பக்கத்தில் குனிந்து மூடியைத் திறந்தார்.

“அப்பா, என்னா பண்றீங்க?”

“பொறை ஏறும் டா. பாலு, பத்து நிமிஷம் ஆகும். கொஞ்சம் நில்லு.”

 ராஜினிதான் அருகில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “அங்கிள், வேணாம். உதட்ட நனைக்கிற மாதிரி விட்டா போதும். நான்தான் திங்கட்கிழமையே சொன்னேன் இல்ல, எதுவேணா கொடுக்கலாம்னு.”

பிரவின் நிமிர்ந்தான். “திங்கட்கிழமையா? என்னா சொன்னீங்க மிஸ்ஸி?”

ராஜினி சிவநேசனைப் பார்த்தாள். அவர் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. “ஆன்டி ஆசைப்பட்டத கொடுக்கலாம்னு சொன்னேன்,” என்றாள் மெல்லிய குரலில்.

“அப்ப நேத்து தேத்தண்ணி கேட்டாங்கன்னு சொன்னீங்களே, குடுத்தீங்களாப்பா?”

“கொடுத்தேன்.”

“எப்படி?”

 டின் கையிலேயே இருந்தது.

லெட்சுமி அழுதுகொண்டே கால்மாட்டிலிருந்து வந்தாள். ஏதோ கடுஞ்சொல் வரப்போகிறது என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் அவர் கையிலிருந்த டின்னை வாங்கி மூடிபோட்டு மேசைமேல் வைத்தாள். “சிவம் தம்பி, அன்னைக்கு நான் தெரியாம குடுத்தேன். நீங்க தெரிஞ்சே குடுக்காம இருந்துட்டீங்க. போவட்டும். ரெண்டு பேரும் அவ மேல உள்ள பிரியத்துல செஞ்சதுதான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வாங்க. நீங்களே மொதல்ல விடுங்க.”

அவர் கரண்டியில் பாலை எடுத்தார். தண்ணியாக அது கரண்டிக்குள் ஆடியது. பழக்கத்தில் அவளை நிமிர்த்தி, தாடையைத் தாழ்த்தி, உதட்டோரம் வைத்துச் சாய்த்தார். உள்ளே போகவில்லை. பால் கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்கு இறங்கியது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். இன்னொரு கரண்டி எடுத்தார். அதுவும் வழிந்தது. பிரவின் கரண்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியமும் ஆயிற்று. பிரவின் ஜொகூருக்குப் போனான். போகும்போது, “நேரத்துக்கு சாப்பிடுங்கப்பா,” என்றான். வேறொன்றும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஐஸ்பெட்டிக் கதவில் அட்டவணை அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டங்கள் காலியாக இருந்தன. உடைக்காத மாவு டின்கள் இரண்டு மிச்சம். அவற்றைத் தூக்கிப் போட மனம் வராமல், சனிக்கிழமை ஒரு பையில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினார்.

மாடியில் எல்லாரும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். டின்கள் யாருக்கு வேண்டும் என்று கேட்டபோது பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். அமுதவள்ளியாம், ஊர் ஸ்ரீ கெம்பாங்கானாம். மாமியாருக்குத் தொண்டை விழுந்துவிட்டதாம். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாளாம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“அங்கிள், நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்டுன்னு சொன்னாங்க,” என்றாள். “ஒண்ணு கேக்கணும். பச்சைத் தண்ணிக்கு கெஞ்சுறாங்க. கைய எடுத்து கும்பிடறாங்க. என்னால பார்க்க முடியல. ஒரே ஒரு தடவ தண்ணியா குடுத்தா என்னா ஆகும்?”

அறை முழுவதும் அவரைப் பார்த்தது. இத்தனை மாதமாக அவர் இதற்குச் சொல்லி வந்த பதில் நாக்கிலேயே இருந்தது. நுரையீரல், காய்ச்சல், பன்னிரண்டு நாள். அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் மாமியார் பிழைக்கக்கூடியவளாக இருக்கலாம், சொல்லாவிட்டால் பாவம். சொன்னால், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட முகம். எது சரி என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

“உங்க டாக்டர கேளுங்கம்மா,” என்றார்.  “என்னா சொன்னாலும், வீட்டுல எல்லார்கிட்டயும் அன்னைக்கே சொல்லிடுங்க. உங்க மாமியார்கிட்டயும். நீங்க மட்டும் வெச்சுக்காதீங்க.”

அமுதவள்ளி அதை எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, அது போதாதவள் போல, “அது வரைக்கும்?” என்று கேட்டாள். “தண்ணிக்கு எத்தனை கரண்டி போடணும் அங்கிள்?”

“இருநூறு மில்லிக்கு மூணு,” என்றார் சிவநேசன். “கரண்டிய தட்டி மட்டம் பண்ணிக்குங்க.”

யாரோ முள்கரண்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.